மரை கழன்றால் கேலி அல்ல... ஆபத்து! பட்டினப்பாக்கம் மணலில் ஒரு டிராக்டர் பாடம்

யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால், 'ஆளுக்கு மரை கழண்டுடுச்சு' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அந்த மரை என்பது எது? போல்ட்டின் உடம்பைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி ஏறுகிறதே ஒரு சுருள் வரி, அதுதான் மரை. பட்டறையில் 'த்ரெட்' என்பார்கள். அந்த வரி தேய்ந்துவிட்டால் நட்டு பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர்க் குழாயில் மரை போனால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒரு வாளியை வைத்துச் சமாளிக்கலாம். டிராக்டரின் பின்பக்கத்தில் மரை போனால் வாளி வைத்துச் சமாளிக்க முடியாது. அங்கே ஒரு டன் பாரமும், இழுபட்டு விறைத்து நிற்கும் கயிறும், சுற்றி நிற்கும் மனிதர்களும் அந்தச் சின்ன வரியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கடலோரத்தில் டிராக்டருக்கு என்ன வேலை?

பட்டினப்பாக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மீன், அலை, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், தூரத்தில் தெரியும் உடைந்த பாலம். டிராக்டர் என்றால் வயல், சேறு, கலப்பை. இரண்டுக்கும் என்ன உறவு என்று தோன்றும்.

மணலில் காலை வைத்துப் பார்த்தால் உறவு புரிந்துவிடும். கார் சக்கரம் புதையும். லாரி சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையும். அகலமான பின்சக்கரமும், மெதுவாகச் சுற்றினாலும் விடாமல் இழுக்கும் பலமும் கொண்ட டிராக்டர்தான் அங்கே நின்று வேலை செய்யும். சென்னைக் கடற்கரைகளில் மணலைச் சலித்துக் குப்பையைப் பிரிக்கும் இயந்திரங்களில் ஒரு வகை, டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கப்படுவது. விநாயகர் சிலைகளைக் கரைக்கும் இடங்களில் ஒன்றான பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், விழா முடிந்த மறுநாள் கரை ஒதுங்கும் மரச்சட்டங்களையும் வைக்கோலையும் அள்ளுவது பெரிய வேலை. தமிழகக் கடலோரக் கிராமங்கள் பலவற்றில் ஃபைபர் படகுகளைக் கரையேற்றவும் டிராக்டர்தான் வருகிறது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், கரையிலிருக்கும் படகுகளை மேட்டுக்கு இழுக்க அதைவிட வேகமான துணை கிடையாது.

இத்தனை வேலையும் நடப்பது டிராக்டரின் பின்னால் இருக்கும் சில இரும்புத் துண்டுகளின் தயவில். 'ஹிட்ச்' என்று சொல்லப்படும் அந்த இணைப்பில் கொக்கி உண்டு, கை உண்டு, பின் உண்டு. அவற்றை எல்லாம் பிடித்து வைத்திருப்பது மரை.

கவிழும் டிராக்டருக்கு ஒரு கை

இந்த இணைப்பின் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

அயர்லாந்தில் 1884-ல் பிறந்தவர் ஹாரி ஃபெர்குசன். விமானப் பைத்தியம். தானே விமானம் செய்து, 1909 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தின் முதல் விமானப் பயணத்தை நடத்திக் காட்டியவர். முதல் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பஞ்சம் வராமல் இருக்க டிராக்டர் உழவைச் சீராக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயல்களைச் சுற்றிப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மாட்டுக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுவதுபோல டிராக்டருக்குப் பின்னாலும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. சக்கரம் சுற்ற முடியாமல், வண்டியின் முன்பக்கம் எழும்பி, அப்படியே ஓட்டுநர் மேல் பின்பக்கமாகக் கவிழும். அந்தக் காலத்தில் இப்படி உயிரிழந்த ஓட்டுநர்கள் பலர்.

ஃபெர்குசன் கண்ட தீர்வு, மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. 1926-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கலப்பை பாறையில் மோதினால் அதன் மேல்முனை முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அந்தத் தள்ளல் மேலே இருக்கும் கையின் வழியாக டிராக்டருக்குப் போய், முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். தூக்கியடித்த அதே விசை, இப்போது வண்டியைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது!

1938-ல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே அந்த டிராக்டர் சந்தைக்கு வந்தது. பின்னால் ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்து வழக்கானதும், 1952-ல் ஃபெர்குசனுக்கு 92 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்ததும் தனிக்கதை. 1953-ல் அவர் நிறுவனம் மாஸி ஹாரிஸோடு சேர, அதுவே பிறகு மாஸி ஃபெர்குசன் ஆனது. அந்தப் பெயர் சென்னைக்கு அந்நியமல்ல. ஃபெர்குசன் மறைந்த அதே 1960-ல்தான் சென்னையில் 'டாஃபே' தொடங்கியது. செம்பியம் தொழிற்சாலையிலிருந்து மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் தமிழக வயல்களுக்குப் போயின. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரைப் பார்த்தாலும், பின்னால் இருப்பது ஃபெர்குசனின் மூன்று புள்ளிதான்.

வலமும் இடமும் சேர்ந்த அதிசயம்

மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கைக்கு 'டாப் லிங்க்' என்று பெயர். நடுவில் ஒரு குழாய், இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகுத் தண்டு. ஒரு பக்கத்துத் தண்டில் வழக்கமான வலது மரை, மறுபக்கத்தில் இடது மரை. அதனால் குழாயை ஒருபக்கமாகச் சுற்றினால் இரண்டு தண்டுகளும் ஒரே நேரத்தில் வெளியே வரும். மாற்றிச் சுற்றினால் இரண்டும் உள்ளே போகும். பழைய ரயில் பெட்டிகளை இணைக்கும் திருகுக் கொக்கியும் இதே தந்திரம்தான்.

டாப் லிங்க்கின் நீளத்தை மாற்றினால் பின்னால் மாட்டிய கருவியின் சாய்வு மாறும். வயலில் உழவின் ஆழம் இதனால் கூடிக் குறையும். கடற்கரையில், மணல் சலிக்கும் கருவி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். கீழ்க்கைகளைத் தூக்கும் தண்டிலும், அவை இருபக்கமும் ஆடாமல் இழுத்துக் கட்டும் சங்கிலியிலும் இதே போன்ற திருகுகள் உண்டு. எல்லாம் அவ்வப்போது திருப்பப்பட வேண்டியவை. திருப்பாமல் விட்டால் அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

உப்பு, மணல், அலட்சியம்

மரையைக் கெடுக்கும் முதல் எதிரி உப்புக் காற்று. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், மொட்டை மாடி டேங்க்கின் இரும்பு ஸ்டாண்டு என்று எல்லாம் அடுத்த தெருவைவிடச் சீக்கிரம் பொரிந்துபோகும். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் நிறுத்தி வைக்கிறது. அந்த உப்பு நீர்ப் படலத்தில் துரு வேகமாக வளர்கிறது. காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் நிறுத்தி வைத்து ஆராய்வது இந்தப் பிரச்னையைத்தான்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். மரைக்கும் நட்டுக்கும் நடுவே இருப்பது முடியளவு இடைவெளி. அங்கே துரு வீங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் 'ஜாம் ஆயிடுச்சு' என்பது இதைத்தான்.

இரண்டாவது எதிரி மணல். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது சாதாரண எஃகைவிடக் கடினமானது. மரையில் தடவிய கிரீஸில் மணல் ஒட்டிக்கொண்டால், கிரீஸ் பாதுகாப்பாக இருப்பதற்குப் பதில் சாணை பிடிக்கும் பசையாகிவிடும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் மரையின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும்.

மூன்றாவது எதிரி நாம்தான். மரை சரியாக உட்காராமல் கோணலாக ஏற்றி, ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்குவது. இறுகிய தண்டின் தலையில் சுத்தியலால் நேராக அடித்து முனையைக் காளான்போல விரித்துவிடுவது. நீளம் போதவில்லை என்று டாப் லிங்க்கை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே மூன்று நான்கு வரி மட்டும் பிடித்திருக்க வேலை வாங்குவது. சேதங்களில் பாதி இப்படி வருபவைதான்.

'கிட்டத்தட்ட சேருது' என்பதே பொறி

மரை போய்விட்டது. முதலில் செய்ய வேண்டியது என்ன? டூல்ஸை எடுப்பதல்ல, அது என்ன மரை என்று கண்டுபிடிப்பது.

உலகத்தில் எல்லா மரையும் ஒன்றல்ல. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், ஊருக்கு ஒரு மாதிரி இருந்த மரைகளை ஒழுங்குபடுத்தி 55 டிகிரி கோணத்தில் ஓர் அளவுமுறை தந்தார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். பிறகு மெட்ரிக் வந்தது. அதுவும் 60 டிகிரி, ஆனால் மி.மீ. கணக்கு.

அளவு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1904-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சாட்சி. நகரத்தின் மையம் பற்றி எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. ஆனால், பல வண்டிகளின் குழாய் மரை பால்டிமோர் தெருக் குழாயில் சேரவில்லை. ஆள் இருந்தும், வண்டி இருந்தும், தண்ணீர் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் இந்தக் குழப்பம் இன்னும் இருக்கிறது. பழைய மாடல்களில் இன்ச் மரைகள் உண்டு, புதியவற்றில் மெட்ரிக். சில அளவுகள் கண்ணை ஏமாற்றும். 5/8 இன்ச் போல்ட்டின் விட்டம் 15.875 மி.மீ.; மெட்ரிக் போல்ட் 16 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 16 மி.மீ. போல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 2 மி.மீ. இன்ச் போல்ட்டிலோ இன்ச்சுக்கு 11 வரி, அதாவது ஏறக்குறைய 2.3 மி.மீ. ஒன்றை மற்றதன் நட்டில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறுவதுபோல் போக்குக் காட்டும், பிறகு இறுகும். 'துரு இருக்கும்போல' என்று நினைத்து முறுக்கினால், இருந்த நல்ல மரையும் போச்சு.

அரை இன்ச் போல்ட் இன்னும் பொல்லாதது. விட்வொர்த் கணக்கில் இன்ச்சுக்கு 12 வரி. அமெரிக்கக் கணக்கில் 13. விட்டம் ஒன்றேதான்!

இதைக் கண்டுபிடிக்கச் சின்ன விசிறி மாதிரி பல தகடுகள் மடித்து வைத்த 'பிட்ச் கேஜ்' கிடைக்கும். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் தெருக்களில் சுலபமாக வாங்கிவிடலாம். மரையின் மேல் தகட்டை வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடைவெளியே தெரியாமல் பல்லோடு பல் உட்கார்ந்தால் அதுதான் அளவு. தண்டில் சேதமாகாத பகுதியில் பார்ப்பது முக்கியம். டாப் லிங்க் என்றால் இடது மரையா, வலது மரையா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால், வரிகள் வலப்பக்கம் ஏறினால் வலது மரை. இடப்பக்கம் ஏறினால் இடது மரை.

இறுகியதை இளக்குவது

ஜாம் ஆன டாப் லிங்க்கைக் கழற்றுவதில் பலத்தைவிடப் பொறுமைக்குத்தான் மதிப்பு. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். காலையில் மறுபடி எண்ணெய். பிறகு குழாயின் பக்கவாட்டில் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். அந்த அதிர்வு துருவில் விரிசல் விடும். எண்ணெய் உள்ளே இறங்கும்.

அப்புறம் திருப்புவது. கழற்றும் திசையில் மட்டுமே மல்லுக்கட்டக் கூடாது. கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் கழற்றும் பக்கம் என்று ஆட்டி ஆட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. வெளியே இருக்கும் பாகத்தைச் சூடாக்கினால் அது விரியும். உள்ளே இருக்கும் தண்டின் பிடி தளரும். சூடான மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படுவது பட்டறைகளின் பழைய கைவைத்தியம். ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கை. எண்ணெய் ஊறிய பாகத்தைத் துடைக்காமல் நெருப்பைக் காட்டக் கூடாது. டாப் லிங்க்கின் குழாய் இரு பக்கமும் தண்டால் அடைபட்டது. உள்ளே தண்ணீரோ கிரீஸோ இருந்து, சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும். எனவே, நெருப்பு வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் விட்டுவிடுவதே நல்லது. டிராக்டரில் மாட்டியபடி செய்யாமல், கழற்றி எடுத்துக் கீழே வைத்துச் செய்ய வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸ் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

மரைக்கு வைத்தியம்

கழற்றியாகிவிட்டது. இனி சேதத்தைப் பொறுத்து வைத்தியம்.

*முனை மட்டும் நசுங்கியிருந்தால்:* முக்கோண அரத்தால் வரியைப் பின்பற்றி மெதுவாக ராவினால் போதும். அல்லது 'டை' என்னும் மரை வெட்டும் வளையத்தை ஓட்டலாம். முனைதான் நசுங்கியிருக்கிறது, வளையம் ஏறவே இல்லை என்றால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. அதே அளவு நட்டு ஒன்றை இரண்டாக அறுத்து, தண்டின் நல்ல மரையில் இரண்டு பாதியையும் வைத்துச் சேர்த்துப் பிடித்து, உள்ளிருந்து வெளியே திருப்பிக்கொண்டு வருவது. நல்ல வரியில் தொடங்குவதால் தடம் மாறாமல் நசுங்கிய இடத்தை நேராக்கிக்கொண்டே வரும்.

*உள் மரை அழுக்கும் துருவுமாக இருந்தால்:* 'டேப்' போட வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போதுதான் வெட்டுண்ட துகள் உடையும். அவசரப்பட்டு முன்னாலேயே ஓட்டினால் டேப் உள்ளேயே முறியும். டேப் கடினமான எஃகு. முறிந்தால் அதை டிரில் போட்டு எடுப்பது பெரும்பாடு. எஃகில் எண்ணெய் விட்டு வெட்ட வேண்டும். வார்ப்பிரும்பில் எண்ணெய் இல்லாமலே வெட்டலாம்.

*உள் மரை முழுவதும் வழித்துக்கொண்டு போயிருந்தால்:* டாப் லிங்க்கைத் தாங்கும் பிராக்கெட், டிராக்டரின் பின் உடலில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் துளைகளில் மரை போனால் டிராக்டர் உடலையே மாற்ற முடியாது. இங்கே இரண்டு வழி. துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட் போடுவது ஒன்று. பெரிய துளையில் புது மரை வெட்டி, ஸ்பிரிங் போன்ற எஃகுச் சுருளைத் திருகி உட்காரவைத்து, பழைய அளவு போல்ட்டையே போடுவது மற்றொன்று. பைக்கில் ஸ்பார்க் பிளக் மரை போனால் மெக்கானிக் போடுகிறாரே 'ஹெலிகாயில்', அதுதான் இது. சரியாகப் போட்டால் பழைய மரையைவிடப் பலமாகவே நிற்கும்.

*போல்ட் உள்ளேயே முறிந்திருந்தால்:* முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டிங் செய்து, ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்புவார்கள். வெல்டிங் சூட்டிலேயே துரு இளகிவிடுவதால் பல நேரம் சுலபமாக வந்துவிடும்.

புது மரை வெட்டத் துளை எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு மனப்பாடமாக ஒரு கணக்கு: மெட்ரிக் போல்ட்டின் விட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. போல்ட், 2 மி.மீ. இடைவெளி என்றால் 14 மி.மீ. டிரில். 12 மி.மீ. போல்ட், 1.75 இடைவெளி என்றால் ஏறக்குறைய 10.2.

எதைச் சரிசெய்யவே கூடாது?

எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ஹிட்ச் விஷயத்தில் அந்தப் பெருமை வேண்டாம்.

ஒரு நட்டை இறுக்கும்போது எல்லா வரிகளும் சமமாகச் சுமக்கும் என்று தோன்றும். உண்மையில் முதல் வரி மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. முதல் மூன்று வரிகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். அந்த முதல் வரிகள் வழித்துக்கொண்டால் பாரம் அடுத்தவற்றின் மேல் விழும்; அவையும் வரிசையாகப் போகும். அதனால்தான் 'இன்னும் நாலு வரி பிடிக்குதே' என்பது ஆறுதல் அல்ல. எஃகில் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும்.

டாப் லிங்க் தண்டு வளைந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, மரையின் முகடுகள் கத்தி முனைபோலக் கூர்மையாகியிருந்தாலோ மாற்றிவிடுவதுதான் வழி. தேய்ந்த தண்டில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் மறுபடி மரை வெட்டுவதும் நடக்கிறது. திறமையானவர் செய்தால் லேசான வேலைக்கு ஓடும். ஆனால் வெல்டிங் சூடு எஃகின் குணத்தை மாற்றிவிடும். வெளியே அழகாகத் தெரிகிற தண்டு உள்ளே நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம். படகு இழுக்கிற, பாரம் ஏற்றுகிற வண்டிக்குப் புதிதுதான் பொருந்தும்.

போல்ட் மாற்றும்போதும் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 என்று இருந்தால் ஒரு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 80 கிலோ இழுவை தாங்கும் எஃகு. 4.6 என்றால் அதில் பாதி. கடையில் இரண்டும் ஒரே பெட்டியில் பளபளவென்று கிடக்கும். விலை வித்தியாசம் கொஞ்சம். பல வித்தியாசம் இரண்டு மடங்கு. 'துருவே பிடிக்காதே, எவர்சில்வர் போல்ட் போட்டால் என்ன?' என்று தோன்றலாம். சாதாரணமாகக் கிடைக்கும் எவர்சில்வர் போல்ட் 8.8-ஐவிடப் பலம் குறைந்தது. இறுக்கும்போதே நட்டோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. போதாததற்கு, உப்பு ஈரத்தில் பக்கத்து இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? மணலில் புதைந்த படகை இழுக்கும்போது கயிறு ரப்பர்போல நீளும். அந்த நேரத்தில் கொக்கியின் போல்ட் வழித்துக்கொண்டால், கயிற்றில் தேங்கிய விசை முழுவதும் கொக்கியைக் கவண்கல் மாதிரி வீசியெறியும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் நிற்பது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான்.

இன்னொன்று, கீழ்க்கொக்கியின் மரை போய்விட்டது என்று கயிற்றை டாப் லிங்க் பிராக்கெட்டிலோ அச்சுக்கு மேலேயோ கட்டுவது. இழுக்கும் இடம் எவ்வளவு உயரமோ, முன்பக்கத்தைத் தூக்கும் விசையும் அவ்வளவு அதிகம். ஃபெர்குசன் நூறு ஆண்டுகளுக்கு முன் தடுக்க நினைத்த அதே கவிழ்ப்பு அங்கே மீண்டும் நடக்கும். சுமார் ஒன்றரை விநாடியில் டிராக்டர் பின்பக்கமாக விழுந்துவிடும். என்ன நடக்கிறது என்று புரிந்து கிளட்ச்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இழுவைக் கயிறு எப்போதும் அச்சுக்குக் கீழே, அதற்கென்று உள்ள கொக்கியில்தான் கட்டப்பட வேண்டும்.

வீட்டுக்கும் உதவும்

டிராக்டர் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. டேபிள் ஃபேன் இறக்கையைக் கழற்ற முயன்று, பிளாஸ்டிக் மூடியை உடைத்த அனுபவம் பல வீடுகளில் இருக்கும். பெரும்பாலான ஃபேன்களில் அது இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். சைக்கிளின் இடது பெடலும் அப்படியே. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. எந்தத் திருகும் வர மறுத்தால், பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசையைச் சந்தேகப்படுங்கள்.

எந்த மூடியையும் போல்ட்டையும் மாட்டும்போது, முதலில் கழற்றும் திசையில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 'டிக்' என்று சின்னதாக ஒரு பள்ளத்தில் விழும். அங்கிருந்து இறுக்கத் தொடங்கினால் மரை ஒருபோதும் கோணலாக ஏறாது. முதல் மூன்று சுற்று கையால், ஸ்பேனர் அப்புறம்தான்.

கடற்கரையில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* அன்றைய வேலை முடிந்ததும் பின்பக்க இணைப்புகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உப்புத் தண்ணீர் பட்டதை அப்படியே விட வேண்டாம்.

* பழைய கிரீஸின் மேலேயே புதுசைப் பூசாதீர்கள். மணலோடு அதை வழித்தெடுத்துவிட்டுப் பூசுங்கள்.

* தேவை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை டாப் லிங்க்கை முழுவதும் உள்ளே, வெளியே திருப்பி விடுங்கள். ஓடுகிற மரை ஜாம் ஆகாது.

* தண்டு இதற்குமேல் வெளியே வரக் கூடாது என்ற இடத்தில் சிவப்பு பெயின்ட்டில் கோடு போட்டு வையுங்கள். இரவல் வாங்கி ஓட்டுகிறவருக்கும் அது எச்சரிக்கை.

* வெளியே தெரியும் மரைக்குப் பழைய டியூப் துண்டை உறையாக மாட்டலாம்.

* பின் கழன்று போனால் கம்பியோ ஆணியோ செருகிச் சமாளிக்காதீர்கள். அதற்குரிய பூட்டுப் பின்னையே போடுங்கள்.

* இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு இரு மடங்கு தூரமாவது ஆட்களை விலக்கி நிறுத்துங்கள். குழந்தைகளை முதலில்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. புயல் சின்னம் உருவாகி, எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு ஜாம் ஆன திருகோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. அந்த ராத்திரி, கரையில் வரிசையாகக் கிடக்கும் படகுகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சோறு. அவற்றை மேட்டுக்கு இழுத்துச் சேர்க்கப்போவது டிராக்டர் என்றாலும், பிடித்து நிற்கப்போவது கட்டைவிரல் கனமுள்ள ஒரு திருகின் சில வரிகள்தான்.